பூவாத்தாளின் போனஸ்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா அடிக்கும் பூவாத்தாள், அந்த வருசம்தான் போனஸைப் புருஷனிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டாள். மோப்பம் பிடித்ததுபோல ஃபைனான்ஸ்காரர் தனசேகரமூர்த்தி கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்.

"பொம்பளைங்களுக்குக் காசு விவரம் பத்தாது. எங்கிட்டக் குடுங்க, ஒரே வருசத்துல இரட்டிப்பு!"

சுற்றி நின்ற பெண்கள் அவரிடம் கொடுக்க முந்தானையை அவிழ்த்துப் போனஸ் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

"நெசந்தானுங்க," என்றாள் பூவாத்தாள். "நான் கத்திரிக்கா வாங்கினாக்கூட சொத்தையாப் பாத்துத்தான் வாங்குவேன். அதனால, உங்க காசையே எம்பேர்ல போடுங்க. இரட்டிப்பானதும் நீங்க போட்ட முதலை எடுத்துக்கிட்டு, லாபத்துலயும் பாதி வச்சுக்குங்க."

"நஷ்டம் வந்தா எங்காசுல்ல போயிரும்!" என்று பதறினார் மூர்த்தி.

பெண்கள் சிரித்தபடி பணத்தை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். "பேங்குல போடலாங்க்கா. கூட்டீட்டுப் போறீங்களா?" என்றாள் ஒருத்தி.

பூவாத்தாள் தலையைச் சொறிந்தாள். "பேங்கு எந்தத் தெருவுன்னு எனக்கே தெரியாது கண்ணு. வாங்க, சேர்ந்தே தொலைவோம்."