இந்தச் சிவப்பு யாருடையது?

இக்கதையைக் கேட்பவர் முதலில் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். புற்றுநோய்க்கு மூக்கைப் பறிகொடுத்தவருக்குப் புதிய மூக்கு அவருடைய நெற்றியிலிருந்தே வருகிறது. நெற்றித் தோலில் ஒரு பகுதியை அறுத்து, முற்றிலும் பிரித்துவிடாமல், கீழே மடக்கி மூக்கின் இடத்தில் தைப்பார்கள். புருவத்திலிருந்து மூக்குவரை ஒரு தோல்காம்பு தொங்கும். இரத்தம் அதன் வழியாகவே வரும். புதிய இடம் தானே இரத்தம் ஊட்டத் தொடங்கிய பிறகுதான் காம்பை வெட்ட வேண்டும். அதுவரை நோயாளி அக்காம்போடுதான் நடமாடுவார்.

அந்த வார்டில் காம்புக்குத் தும்பிக்கை என்று பெயர். ஆதலால், அங்கே படுத்திருந்த இசக்கியம்மாளுக்குப் பிள்ளையாரக்கா என்று பெயர்.

நஸ்ரின் மருத்துவப் படிப்பின் இறுதியாண்டு மாணவி. விருப்பப் பயிற்சிக்குப் பிளாஸ்டிக் சர்ஜரியைத் தானே தேர்ந்தெடுத்து வந்தவள். இசக்கியம்மாளின் மூக்கைக் காலைதோறும் பார்ப்பது அவள் பொறுப்பு.

"நல்லாச் செவந்திருக்காம்மா?"

"செக்கச்செவேல்னு இருக்குக்கா."

"அப்போ வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிருவியளா? தம்பி கல்யாணம். அவன் தாலியில ஒரு முடிச்சுப் போட்டதும், மிச்ச ரெண்டு முடிச்சும் அக்கா நாந்தான் போடணும். இந்தத் தும்பிக்கையோட மேடையில எப்படிம்மா ஏற?"

"வெட்டிடலாம்க்கா," என்றாள் நஸ்ரின்.

சற்று நேரத்தில் பேராசிரியர் மீனலோசனி வந்தார்.

"மேடம், மூக்கு நன்றாகச் சிவந்திருக்கிறது. சூடாகவும் இருக்கிறது. நாளைக்குக் காம்பை வெட்டிவிடலாமா?"

"இந்தச் சிவப்பு யாருடையது?"

இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்று நஸ்ரினுக்கு வியப்பாக இருந்தது. "மூக்கினுடையது, மேடம்."

பேராசிரியர் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைக் காம்பைச் சுற்றி இறுக்கினார். மூவரும் காத்திருந்தார்கள்.

மூக்கின் நுனி வெளுத்தது. பின்பு சாம்பல் நிறமாயிற்று. குழாயைத் தளர்த்தியதும் சிவப்பு மேலிருந்து மெல்ல இறங்கி வந்தது.

"இப்போது சொல்."

"நெற்றியினுடையது."

"வெட்டிவிடலாம் என்று இவரிடம் சொன்னாயா?"

நஸ்ரின் தலைகுனிந்தாள். "சொன்னேன், மேடம்."

"அந்த வாக்கு யாருடையது?"

"என்னுடையது."

பேராசிரியர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நஸ்ரின் இசக்கியம்மாளின் அருகில் அமர்ந்தாள்.

"அக்கா, நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். இப்போ வெட்டினா மூக்கு கருகிடும். மன்னிச்சிருங்க."

இசக்கியம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாலையில் வார்டில் விளக்குப் போட்டதும் அவரே நஸ்ரினைக் கூப்பிட்டார்.

"சித்தி மக முடிச்சுப் போடட்டும்னுதான் நெனச்சேன். பொறவு ஒண்ணு தோணுச்சு. பிள்ளையார் இல்லாம எந்த ஊர்ல கல்யாணம் நடக்கு?"

நஸ்ரின் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீயம்மா. எனக்கும் சிரிப்பு வருது. சிரிச்சா தையல் இழுக்கு."

பின்னர் நடந்தவை இவை. இசக்கியம்மாள் முகத்தில் கட்டோடு மேடையேறினார். இரண்டு முடிச்சுகளையும் அவரே போட்டார். புகைப்படக்காரர் அவரைச் சற்று ஓரமாக நிற்கச் சொன்னார். அவர் நடுவில் நின்றார். மறுவாரம் வார்டு முழுவதற்கும் லட்டோடு திரும்பி வந்தார். அன்று ரப்பர்க் குழாயை இறுக்கியவள் நஸ்ரின். நெடுநேரம் காத்திருந்தும் மூக்கு வெளுக்கவில்லை.

நஸ்ரின் நிமிர்ந்து பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள்.

"மூக்கு அங்கே இருக்கிறது," என்றார் பேராசிரியர். "என் முகத்தில் எதைத் தேடுகிறாய்?"