அந்த மேடு தாண்டினால்

கிள்ளானில் பூங்கோதை அம்மாவின் வீட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் மூன்று பேர் வந்து, ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். அம்பலவாணர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரெங்கசாமி லாரி ஓட்டினவர். ஞானமுத்து பேக்கரி வைத்திருந்தவர். அம்மா மருத்துவமனைத் தாதி, மூவருக்கும் இளையவர். ஆனாலும் மூவருக்கும் அவர் அம்மாதான், குருதான்.

ஒன்பதாவது வருஷம் ஒருநாள் அம்மா சொன்னார்.

“இவ்வளவு நாள் உட்கார்ந்தோம். கொஞ்சம் நடப்போம்.”

நால்வரும் சரவாக் போனார்கள். மலையும் மழைக்காடுமான உள்நாடு. ஊருக்கு ஊர் ஒற்றையடிப் பாதைதான். வழிகாட்ட லாவாய் என்ற உள்ளூர்க்காரர் கூட வந்தார்.

முதல் இரண்டு நாள் சுகமாகக் கழிந்தது. ஓடையில் குளித்தார்கள். அட்டைக்கடியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இப்படி வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அம்பலவாணர் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஓடையைக் கடக்கையில் பாசி படிந்த மரத்தில் அம்பலவாணருக்குக் கால் வழுக்கிற்று. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்ற ஞானமுத்துவுக்கே கேட்டது.

அம்மா இரண்டு கம்புகளை வைத்துக் காலைக் கட்டினார்.

லாவாய் சொன்னார்: “நான் ஓடினால் பொழுது சாய ஊர் சேர்வேன். ஆள் கூட்டி வருகிறேன். மரங்களில் வெட்டுக் குறி போட்டுக்கொண்டே போகிறேன்.”

அவர் போன சற்று நேரத்தில் மழை பிடித்தது. ஓடை நிறம் மாறியது.

“இங்க நின்னா தண்ணி ஏறிடும். குறியைப் பாத்து மெதுவா நகர்வோம்” என்றார் அம்மா.

இரண்டு கைலிகளை ஒரு கழியில் முடிந்து தூளி கட்டினார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அம்பலவாணர் தூளியில் படுத்தார். இருவர் சுமக்க, ஒருவர் பெரிய இலையொன்றை அவர் முகத்துக்கு மேல் பிடித்தபடி நடந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டார்கள்.

படுத்திருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் இலையின் அடிப்புறமும் ஆடும் கழியும்தான்.

“இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு, ரெங்கசாமி?”

“அந்த மேடுதான் சார். தாண்டினா ஊர்.”

மேடு வந்தது. போனது. இறக்கம், சேறு, மறுபடி ஏற்றம்.

“உண்மையைச் சொல்லும். எவ்வளவு தூரம்?”

“இந்த மேடு இல்ல சார், அடுத்தது.”

“நீர் முந்தி இந்தப் பக்கம் வந்திருக்கிறீரோ?”

“இல்ல சார்.”

“பிறகு எப்பிடித் தெரியும்?”

“லாரி ஓட்டினவனுக்கு ரோடு தெரியாதா சார்?”

“இங்க ரோடே இல்லையே.”

“அதான் சார். தப்பான ரோட்டுல போக வழியே இல்ல.”

அம்பலவாணர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோட்ட முதலாளியான நெருங்கிய சிநேகிதனுக்காக எல்லைக்கல்லை இரண்டடி தள்ளிக் காட்ட மறுத்து, அந்தச் சிநேகிதத்தையே இழந்தவர் அவர். விளையாட்டுக்குக் கூடப் பொய் பொறுக்காது.

மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் வந்தது. கடைசி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, அவருக்கு மட்டும் மழைநீரில் நனைத்து ஊட்டினார் ஞானமுத்து. அவர் கழுத்திலிருந்த அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். தன் கணுக்காலில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்ததை ஞானமுத்து கவனித்ததாகத் தெரியவில்லை.

ஓர் ஏற்றத்தில் தூளி சட்டென்று தாழ்ந்தது. பின்னால் யாரோ முழங்காலில் விழுந்தது கேட்டது.

“என்னால முடியலப்பா” என்றது ஞானமுத்துவின் குரல். “சத்தியமா முடியல.”

தூளி தரையைத் தொட்டது.

“என்னை இங்க வைச்சிட்டுப் போங்கோ” என்றார் அம்பலவாணர்.

முன்பக்கமிருந்து ரெங்கசாமி பேசினார்.

“புகை வாடை வருது சார். அடுப்புப் புகை. அந்த மேடுதான்.”

அம்பலவாணர் மூச்சை இழுத்துப் பார்த்தார். மண் வாடை. அழுகிய இலை வாடை. வேறொன்றும் இல்லை.

தூளி தரையிலிருந்து எழும்பிற்று.

மறுநாள் நடுப்பகலில் லாவாய் ஆறு பேரோடு எதிரே வந்தார். அங்கிருந்தும் ஊருக்கு ஐந்து மணி நேர நடை இருந்தது.

ஊரார் அம்பலவாணரை, பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாயில் கிடத்தினார்கள். மருந்து கொடுத்தார்கள். கஞ்சி கொடுத்தார்கள். இரண்டு நாளில் மருத்துவ விமானம் வரும் என்றார்கள். காய்ச்சல் இறங்கிய பிற்பகலில், கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க வந்த பெண்ணுக்கும், வாசலில் எட்டிப் பார்த்த கிழவருக்கும், பாயைத் தாண்டிப் போன கோழிக்கும் கூட அம்பலவாணர் கை கூப்பினார். கூப்பக் கூப்பக் கண் நிறைந்தது.

ரெங்கசாமி ஒரு மூலையில் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். ஞானமுத்து குப்புறப் படுத்திருந்தார். அவர் தோளில் கழி பட்டுத் தோல் உரிந்திருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்டு கேக்கட்டோ?”

“கேளுங்க ஐயா.”

“பதினொரு தரம் தூரம் கேட்டன். பதினொரு தரமும் ரெங்கசாமி பொய் சொன்னார். வாய்மைதான் முதல் விரதம் எண்டு உங்களிட்டைத்தான் படிச்சன். இப்ப அந்தாளைக் கும்பிட வேணும் போல கிடக்கு. பொய்க்கு எப்பிடி நன்றி சொல்லுறது?”

அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை.

“அவர் சொன்னதை நீங்க நம்புனீங்களா?”

“இல்லை. ஒரு தரமும் நம்பேல்லை. காய்ச்சலிலயும் எனக்குத் தூரம் தெரியும்.”

“நம்பலன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். நானே சொன்னன்.”

“நம்பாத ஆளுக்கு எதுக்குப் பதினொரு தடவை சொல்லணும்?”

அம்பலவாணர் மூலையில் உறங்கும் ரெங்கசாமியைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“நீங்க தூளியில இருந்தீங்க ஐயா. எங்க முகம் உங்களுக்குத் தெரியல. அவர் உங்களுக்குச் சொல்லல. கழியைப் பிடிச்சிருந்தவங்களுக்குச் சொன்னார். ஞானமுத்து பதினொரு தடவையும் நம்பினார்.”

அம்மா தன் வலது தோளை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நானும்.”