கரடிமேட்டுல யாரும் சாகறதில்ல

சாமிக்கு முப்பத்தெட்டு வயசு. அவரோட ஒரே சீடர் கொழந்தவேலுக்கு எழுவது தாண்டிருச்சு. பேருலதான் கொழந்த.

ஒருநாள் காலைல கொழந்தவேலு மூட்டையும் சொம்புமா மடத்து வாசல்ல வந்து நின்னாரு.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மலை மேல, கரடிமேட்டுக்குக் குடி போறேன் சாமி."

"கீழ பள்ளக்காட்டுல இருந்து உங்க மக கூப்புட்டுக்கிட்டே இருக்கே?"

"அங்க பெருசுங்க கொத்துக் கொத்தா போகுது சாமி. சங்கு ஊதுறவனுக்கு மூச்சு விட நேரமில்ல. கரடிமேட்டுல இந்த வருசம் ஒரு சாவுகூட கெடையாது. விசாரிச்சுட்டேன். பக்கத்து பக்கத்து ஊரு, ஏன் சாமி இப்படி?"

சாமி செருப்ப மாட்டினாரு. "மூட்டையக் குடுங்க. போய்ப் பாப்போம்."

பஸ்ஸு அடிவாரத்தோட நின்னுரும். அதுக்கு மேல நடைதான். வழியெல்லாம் கொழந்தவேலு உக்காந்து உக்காந்து, "காத்து எப்படி பாத்தீங்களா"ன்னாரு. காத்து நல்லாத்தான் இருந்துச்சு. அவருக்குள்ளதான் போகல.

மேல டீக்கடை செங்கோடன்கிட்ட, "இங்கயே தங்க வந்திருக்கேன்"னாரு.

செங்கோடன் அவர மேலயும் கீழயும் பாத்தான். "எத்தன கிலோ இருப்பீங்க?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான்." உள்ள திரும்பி, "மாரா, நாலு பேரு பத்தாதுடா, ஆறு பேரு வேணும்"னான்.

"ஆறு பேரு எதுக்குய்யா?"

"பெருசுங்க படுத்துட்டா போர்வையில தூளி கட்டி பள்ளக்காட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கணும். இங்க ஊசி போட ஆளேது?"

"தூக்கிட்டுப் போனவங்க?"

"ஒருத்தரும் திரும்பி ஏறினதில்லீங்க. சாவெல்லாம் அந்த ஊரு கணக்குல போயிரும். நம்ம ஊரு சுத்தம்."

கொழந்தவேலு டீ கிளாஸ கீழ வெச்சாரு.

"எங்க இருந்தாலும் கடைசில பள்ளக்காடுதானா சாமி?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப நான் எங்கதான் போறது?"

"மக கடைசியா போன்ல என்ன கேட்டுச்சு?"

"கொழம்புல புளி தூக்கலா இருக்கணுமா, கம்மியா இருக்கணுமான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இந்த வாரம் எத்தன சாவுன்னு கேட்டேன்."

சாமி மூட்டையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குற பாதையில திரும்பினாரு.

"மொதல்ல புளிக்குப் பதில் சொல்லுங்க. பாவம், கரைச்சு வெச்சுக்கிட்டு நிக்கும்."