வழி சொன்ன ஆமை

ஆமைகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மணற்குடிக் கடலில் வழி சொல்வது அவற்றின் வேலையாக இருந்தது. கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் நீளமான பாறைத்தொடர் ஒன்று கிடந்தது. கப்பல் நுழையக்கூடிய இடைவெளிகள் ஆமைகளுக்குத்தான் தெரியும். அதற்குக் கைம்மாறாக ஊரார் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தை பிறந்துவிட்டால் வடக்கு மணலில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆமைகள் முட்டையிட்டு, குஞ்சுகள் கடலில் இறங்கும்வரை அது ஆமைகளின் மணல்.

பிறகு போர் வந்தது. மணற்குடியில் கடலோடு சேரும் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த வேலங்கோட்டையை அயல்நாட்டு அரசன் ஒருவன் சுற்றி வளைத்தான். ஆனால் மதிலுக்கு வெளியே எத்தனை வருடம் காத்துக் கிடந்தும் கோட்டை பணியவில்லை. மணற்குடிக் கப்பல்கள் ஆற்று வழியாக நெல் கொண்டுபோய் இறக்கிக்கொண்டே இருந்தன. அவை மிதக்கும்வரை கோட்டை விழாது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

ஓயாமல் ஓடிய கப்பல்களின் அடிப்பலகைகள் விரிந்து தண்ணீர் கசியத் தொடங்கியது ஒரு தை மாதத்தில்தான். கப்பற்படைத் தலைவன் இளநாகன் அவற்றை வடக்கு மணலில் இழுத்து ஏற்றினான். அங்கே முட்டையிட்டிருந்த ஓர் ஆமை கடலிலிருந்து ஏறி வந்தது.

“இளநாகா, என் முட்டைகள் இதற்குக் கீழே இருக்கின்றன.”

“தெரியும் அக்கா. வேறு எங்கே ஏற்றுவது? தெற்கே எல்லாம் சேறு. கசிவை அடைத்ததும் இறக்கிவிடுவோம்.”

“அதற்குள் ஒன்றும் மிஞ்சாது.”

“கோட்டைக்குள்ளும் குஞ்சும் குளுவானும்தான் இருக்கிறது. நீ அடுத்த வருடம் இட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கு அடுத்த வருடம் கிடையாது.”

கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான். “ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். கப்பல் புகுந்த ஆமை வீடும் உருப்படாது போலிருக்கிறதே.”

மற்றவர்களும் சிரித்தார்கள். களைத்துப் போனவர்களின் சிரிப்பு அது, பகை எதுவும் இல்லை. ஆமைக்கு அது விளங்கவில்லை. கப்பலுக்கு அடியில் உருளைக்கட்டை ஒன்று நகர்ந்தது. அது நகர்ந்த இடத்தில் மணல் மஞ்சளாக நனைந்திருந்தது.

ஆமை நேராகப் பாறைத்தொடருக்கு அப்பால் போனது. உள்ளே வர வழி தெரியாமல் எதிரிக் கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நின்றன. அவற்றின் தலைவன் பெயர் கடுவன்.

“நீங்கள் உள்ளே வந்தால், அவர்கள் கப்பல்களை மணலிலிருந்து இறக்கியே ஆக வேண்டும்” என்றது ஆமை. “எனக்கு அது போதும். ஆனால் அந்த மணலில் உங்கள் ஆட்கள் கால் வைக்கக் கூடாது.”

“எங்களுக்கு மணல் எதற்குத் தாயே? ஒருவன்கூட வைக்க மாட்டான். கடல் மேல் ஆணை” என்றான் கடுவன்.

மறுநாள் விடிந்தபோது ஆமை முன்னால் நீந்தியது. கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. இளநாகன், அடைப்பு காயாத கப்பல்களை அவசரமாகத் தண்ணீரில் தள்ளினான். சில கப்பல்கள் அம்பு ஒன்றும் படாமலே தண்ணீர் நிரம்பி அமிழ்ந்தன. மிதந்தவை எரிந்தன. எதிரிக் கப்பலுக்கு முன்னால் நீந்தும் ஆமையை இளநாகன் பார்த்தான். பார்த்ததைச் சொல்ல அவன் கரை திரும்பவில்லை.

வேலங்கோட்டையில் அதற்குப் பிறகு சண்டையே நடக்கவில்லை. நெல் தீர்ந்ததும் கதவு உள்ளிருந்தே திறந்தது. வருடக்கணக்காக மதிலுக்கு வெளியே இழுபட்ட போரை, அந்த மதிலைக் கண்ணாலும் பார்க்காத கப்பல்கள் ஒரே காலையில் முடித்து வைத்தன.

வடக்கு மணல் அமைதியாக இருந்தது. ஆமை மறுபடியும் முட்டையிட்டது. கடுவன் சொல் தவறவில்லை.

ஆனால் வென்ற அரசன் களஞ்சியங்களை எடுத்துக்கொண்டான். வயல்கள் முன்பே எரிந்து போயிருந்தன. பசித்த சனங்கள் ஆற்றோரமாக நடந்து கடற்கரைக்கு வந்தார்கள். வந்தவர்களோடு மணற்குடிச் சனங்களும் சேர்ந்து மணலைத் தோண்டினார்கள்.

ஆமை கடுவனிடம் ஓடியது.

“என் ஆள் ஒருவனும் அங்கே போகவில்லையே” என்றான் அவன். “அவர்கள் உன் ஊர்க்காரர்கள். நீயே சொல்லிப் பார்.”

ஆமை மணலுக்கு வந்தது. சேந்தி என்ற பெண் இடுப்பில் பிள்ளையோடு குழி தோண்டிக்கொண்டிருந்தாள். ஆமையைக் கண்டதும் அவள் கை நின்றது.

“கோவிச்சுக்காத ஆத்தா. உன் மணல்ல கால் வச்சது தப்புதான். இவன் அப்பன் நெல்லு கொண்டுபோன கப்பல்ல துடுப்புப் போட்டவன். அவன் இருந்தா எங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காது.” அவள் ஒரு முட்டையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். “அவனுகளுக்கு எந்த வாய் வழி சொல்லிச்சோ, அந்த வாய் அடைச்சுப் போகட்டும்.”

முட்டையைக் கிழித்துப் பிள்ளையின் வாயில் ஊற்றினாள். பிள்ளை சப்புக் கொட்டியது.

அவை என் பிள்ளைகள் என்று சொல்ல ஆமை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தது.

சேந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாவம், உனக்கும் பசியா ஆத்தா?” என்று கேட்டாள்.

கடலாமைக்குக் குரல் இல்லாமல் போனது அன்று முதல்தான். முட்டையிடும்போது அதன் கண்ணில் நீர் வழிகிறதே, மணலை மூடிவிட்டு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விடுகிறதே, அதுவும் அன்று முதல்தான். தோண்ட வருகிறவர்களைத் தடுக்கத் தனக்கு வாய் கிடையாது என்று அதற்குத் தெரியும்.