மூவாயிரம் கலம் நெல்லின் வைக்கோல்

நெல்லை மூட்டை கட்டி ஒளித்துவிடலாம். விற்றுவிட்டேன் என்றும் சொல்லிவிடலாம். ஆனால் நெல் விளைந்த வீட்டில் ஒளிக்கவே முடியாத ஒன்று உண்டு. கொல்லையில் யானை உயரத்துக்கு நிற்கும். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

வேலாற்றூர் அரசர் கட்டியப்பருக்கு இளகிய மனசு. அந்த வருஷம் ஊரெல்லாம் அமோக விளைச்சல். அதனாலேயே நெல் விலை சரிந்துவிட்டது. "விளைவித்தவர் நஷ்டப்படக் கூடாது. கலத்துக்கு ஒரு பணம் அரண்மனை கொடுக்கும்" என்று பறையறைவித்தார். கொடுக்கும் பொறுப்பு களஞ்சிய அதிகாரி தாண்டவராயருக்கு.

பத்தாம் நாள் வீராயி என்ற உழவர் பெண், எட்டு வயது மகள் செம்பவளத்தோடு சபைக்கு வந்தாள்.

"சாமி, இருபது கலம் அறுத்தேன். ஒரு பணம்கூட வரலை. தீர்ந்துபோச்சுங்கிறாரு அதிகாரி. நாளைக்குச் சந்தையில உழவு மாட்டை வித்தாத்தான் அடுப்பு எரியும். மாடு போனா வயலும் போச்சு."

அரசர் அதிகாரியைப் பார்த்தார்.

"பெரிய உழவர் ஒருவர் மூவாயிரம் கலம் விளைவித்தார், மகாராஜா. பணமெல்லாம் அவருக்கே போய்விட்டது."

"யார் அவர்?"

தாண்டவராயர் தொண்டையைச் செருமினார். "அடியேன்தான்."

ஓரமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பிச்சாண்டியின் கை நின்றது. அரசருக்கு வேடிக்கையும் யோசனையும் சொல்வது அவர் வேலை. தாண்டவராயரின் நிலம் அவருக்குத் தெரியும். கரட்டுக் காடு, ஓணான்தான் அங்கே குடித்தனம். ஆனால் நேராகச் சொன்னால் அதிகாரி நூறு ஓலையும் ஐம்பது சாட்சியும் கொண்டுவந்து கொட்டுவார். பிச்சாண்டி எழுந்து பெரிய கும்பிடாகப் போட்டார்.

"அடேயப்பா, மூவாயிரம் கலம்! ஐயா ஒரு உதவி செய்ய வேண்டும்."

"நெல்லா? விற்றாயிற்றே!"

"நெல் யாருக்கு வேண்டும்? அரண்மனைத் தொழுவத்து மாடுகளுக்கு வைக்கோல் வேண்டும்."

"வைக்கோல்… என் மாடுகள் தின்றுவிட்டன."

"மூவாயிரம் கலத்து வைக்கோலையுமா? அறுவடை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையே!"

"என் மாடுகள் நன்றாகத் தின்னும்."

"ரொம்பச் சந்தோஷம். தின்ற மாடு சும்மா இருக்காதே, ஐயா. சாணி எங்கே?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது… வயலில் எருவாகப் போட்டாயிற்று!"

"அப்படியானால் வாருங்கள் மகாராஜா, போய்ப் பார்ப்போம். அவ்வளவு சாணி கிடக்கும் இடத்துக்கு வழி கேட்கவே வேண்டாம். மூக்கு கொண்டுபோய் விட்டுவிடும்."

அரசர் அப்போதே பல்லக்கில் ஏறினார். சபையே பின்னால் போனது. வீராயியும் மகளும்கூடப் போனார்கள். தாண்டவராயர் மட்டும் எல்லாருக்கும் கடைசியில் நடந்தார்.

கரட்டில் கல் இருந்தது. முள் இருந்தது. அரசர் மூக்கைத் தூக்கி மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

"ஓய் பிச்சாண்டி, ஒரு வாசனையும் வரவில்லையே! எனக்குச் சளி பிடித்திருக்கிறதா?"

"மகாராஜாவின் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை. சாணி போட மாடு இல்லை. மாடு தின்ன வைக்கோல் இல்லை. வைக்கோல் கிடைக்க நெல் இல்லை. மூவாயிரம் பணம் மட்டும் இருக்கிறது. அதற்குத்தான் வாசனை கிடையாதே!"

அரசர் பல்லக்கு ஆடும்படி சிரித்தார். சிரித்து முடித்ததும் தாண்டவராயரிடமிருந்து பணம் முழுவதையும் அங்கேயே வரவழைத்தார். முதல் இருபது பணம் வீராயியின் முந்தானையில் விழுந்தது.

"இனிமே மாட்டை யாரு விப்பா!" என்றாள் வீராயி.

"பிச்சாண்டி, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அதிகாரியின் தண்டனையை இந்தக் குட்டி சொல்லட்டும், மகாராஜா. அந்த வேடிக்கை போதும் எனக்கு."

அரசர் குனிந்தார். "சொல்லம்மா. சிறையா, நாடு கடத்தலா?"

செம்பவளம் இரண்டும் வேண்டாம் என்றாள். அதிகாரி இந்தக் கரட்டிலேயே இருபது கலம் நெல் விளைவிக்க வேண்டும் என்றாள்.