பாதம் பதிக்காத நீர்நாய்

ஆலங்காட்டு ஆற்றங்கரையில் சுழியன் என்ற இளம் நீர்நாய் வாழ்ந்து வந்தது. மலைக்கு அப்பால் இருந்த கல்லூரிக்குப் போய் அது நீர்ப் பொறியியல் படித்துத் தேறியிருந்தது. ஓடுகிற நீர் எந்த மண்ணை அரிக்கும், எந்த மண்ணிடம் தோற்றுப்போகும், கரையை எவ்வளவு சாய்வாகக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. வேலை எங்கே கிடைக்கும் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

படிப்பை முடித்து ஊர் திரும்பிய அன்று தாய் நீர்நாய் வந்தவர்களுக்கெல்லாம் கெண்டை மீன் கொடுத்தது. “என் பிள்ளை இன்ஜினியர்!” என்று ஆற்றின் இரு கரைக்கும் கேட்கும்படி சொன்னது. சுழியன் வெட்கத்தோடு தண்ணீருக்குள் மூழ்கி ஒளிந்துகொண்டது.

மறுநாளே வேலை தேடிக் கிளம்பியது.

முதலில் யானைகளின் தண்ணீர்த் துறைக்குப் போனது. தலைமை யானை அதை மேலும் கீழும் பார்த்தது.

“அனுபவம் உண்டா?”

“இப்போதுதான் படித்து முடித்தேன், ஐயா.”

“அனுபவம் இல்லாதவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?”

“வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்?”

“அதை வேறு எங்காவது போய்ச் சொல்!” என்று யானை திரும்பிக்கொண்டது.

கறையான்களின் புற்றில் பொறியாளர் தேவை என்று கேள்விப்பட்டுச் சுழியன் ஓடியது. “தேவைதான். ஆனால் எங்கள் ராணியின் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும்!” என்றன கறையான்கள்.

அடுத்து குரங்குகளின் நேர்காணல். அங்கே கரையைப் பற்றியோ நீரைப் பற்றியோ ஒரு கேள்விகூட இல்லை.

“உன்னைப் பற்றிச் சொல்!” என்றது ஒரு குரங்கு. சுழியன் சொன்னது.

“ஐந்து மழைக்காலம் கழித்து நீ எங்கே இருப்பாய்?” என்றது இன்னொரு குரங்கு.

“தண்ணீரில்” என்றது சுழியன்.

குரங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. “சொல்லி அனுப்புகிறோம்” என்றன. சொல்லி அனுப்பவே இல்லை.

எருமைகளின் குட்டையில் சேறு வாரும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சுழியன் அதற்கும் போய் நின்றது. “நீ ரொம்பப் படித்தவனாயிற்றே! இன்று வருவாய், நாளை நல்ல வேலை கிடைத்தால் ஓடிவிடுவாய்!” என்று எருமைகள் திருப்பி அனுப்பிவிட்டன.

வெயில் காலம் போனது. காற்றுக் காலம் வந்தது. சுழியனுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நீந்தினால் கரையேறத் தோன்றியது. கரையேறினால் மறுபடி நீந்தத் தோன்றியது. சாப்பிட உட்கார்ந்தால் பாதி மீனிலேயே எழுந்துவிடும். எதிரே யாராவது வந்தால் புதருக்குள் புகுந்துகொள்ளும். ஏனென்றால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “என்ன தம்பி, ஏதாவது அமைந்ததா?”

அந்தச் சமயத்தில்தான் நரி ஆள் அனுப்பியது.

ஆலங்காட்டுப் பெரிய ஏரி சிறுத்தை மன்னருக்குச் சொந்தமானது. அதை நிர்வாகம் செய்வது நரி. ‘ஏரிப் பொறியாளர் பதவி காலியாக இருக்கிறது. உடனே வரவும்’ என்பதுதான் அது அனுப்பிய செய்தி.

சுழியன் ஆற்றில் நான்கைந்து குட்டிக்கரணம் அடித்தது. தாய் நீர்நாய் அது முடிக்கும் முன்பே அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தது.

ஏரிக்கரையில் நரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. “வா தம்பி! இதோ பார், நிழலுள்ள பாறை. இதுதான் உன் இருக்கை. தினமும் ஏரி மீனில் பங்கு. எல்லோரும் உன்னை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்!”

“நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?”

“பெரிதாக ஒன்றுமில்லை. மழைக்காலத்துக்கு முன்னால், கரை பலமாக இருக்கிறது என்று ஒரு பொறியாளர் பாதம் பதிக்க வேண்டும். மன்னர் வந்து பார்ப்பார்.” நரி ஈரக் களிமண்ணைத் தட்டையாகத் தடவி முன்னால் வைத்தது. “இதில் உன் பாதத்தை அழுத்து. அவ்வளவுதான்!”

“ஒருமுறை கரையைச் சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.”

“எதற்கு? வெயிலாக இருக்கிறது பார்!”

ஆனால் சுழியனின் கால்கள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டன.

கரையின் வெளிப்புறம், அடிவாரத்தில், நீர் கசிந்துகொண்டிருந்தது. சுழியன் குனிந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தது. அதன் முதுகுமயிர் சிலிர்த்தது. மண் கரையில் தெளிந்த நீர் கசிந்தால் பெரிய பயமில்லை. கலங்கிய நீர் கசிந்தால், கரைக்குள்ளே மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். இந்த நீர் செம்மண் குழம்பாக இருந்தது.

அங்கிருந்து கலிங்குக்கு ஓடியது. ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வழிந்து போவதற்கான வாயில் அது. அதைக் கற்களால் அடைத்து வைத்திருந்தார்கள்!

“ஐயா, கரைக்குள் மண் கரைகிறது! உடனே கலிங்கைத் திறந்து நீரைக் குறைக்க வேண்டும்!” என்றது சுழியன்.

“நீரைக் குறைப்பதா? ஏரி கடல் மாதிரி தெரிய வேண்டும் என்று மன்னர் ஆசைப்படுகிறார். அதனால்தான் அடைத்திருக்கிறேன்!”

“மழை வந்தால் கரை நிற்காது, ஐயா! கீழே பள்ளத்தில் முயல்களின் வளைகள் இருக்கின்றன!”

நரியின் சிரிப்பு போய்விட்டது. “தம்பி, உன்னைப் போலப் படித்துவிட்டுச் சும்மா திரிகிறவர்கள் இந்தக் காட்டில் மரத்துக்கு ஒருவர் இருக்கிறார்கள். பாதம் வைக்கிறாயா, இல்லை அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா?”

சுழியன் களிமண்ணைப் பார்த்தது. அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. முன்னங்காலைத் தூக்கியது. கரை ஒருவேளை நின்றாலும் நிற்கலாம் அல்லவா? இந்த வருடம் மழை குறைவாகப் பெய்தாலும் பெய்யலாம் அல்லவா? பாதத்துக்கும் களிமண்ணுக்கும் நடுவே ஒரு புல்லின் இடைவெளிதான் இருந்தது.

பள்ளத்திலிருந்து முயல்கள் புல் கொறிக்கும் சத்தம் கேட்டது.

சுழியன் பாதத்தைத் தரையில் வைத்தது. “என்னால் முடியாது, ஐயா.”

திரும்பி வரும் வழியில் செம்பி என்ற கீரி எதிரே வந்தது. கல்லூரியில் சுழியனோடு ஒரே பாறையில் உட்கார்ந்து படித்த தோழி. அதற்கும் வேலை இல்லை. நரி அதையும் வரச் சொல்லியிருந்தது.

“செம்பி, வேண்டாம்! கரை உள்ளுக்குள் கரைகிறது!”

“என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியுமா, சுழியா?”

“தெரியும். என் வீட்டிலும் அதே நிலைமைதான்.”

செம்பி சுழியனின் முகத்தைப் பார்க்காமல் நடந்துபோனது. அன்று மாலையே களிமண்ணில் பாதம் பதிந்தது. நிழலுள்ள பாறையில் செம்பி உட்கார்ந்தது.

வீட்டில் தாய் நீர்நாய் எல்லாவற்றையும் கேட்டது. “எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே...” என்றது. பிறகு மகன் பக்கம் மீனைத் தள்ளி வைத்துவிட்டு நீருக்குள் இறங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சுழியனுக்குத் தோன்றியது.

சுழியனால் சும்மா இருக்க முடியவில்லை. பள்ளத்துக்கு ஓடியது. “மழைக்கு முன்னால் மேட்டுக்குப் போய்விடுங்கள்! கரை உடையும்!” என்றது.

முயல்களின் தலைவன் நெட்டைக்காது. அது சுழியனை ஏளனமாகப் பார்த்தது. “ஏரிப் பொறியாளர் பாதம் பதித்திருக்கிறார். நீ யார்?”

“நானும் பொறியாளர்தான்!”

“எந்த ஏரிக்கு?”

சுழியன் திரும்பி ஏரிக்கரையைப் பார்த்தது.

“வேலை கிடைக்காத வயிற்றெரிச்சலில் ஊரைக் கலக்க வந்துவிட்டான்!” என்று நெட்டைக்காது சொல்ல, முயல்கள் சிரித்தன.

சுழியனுக்குக் காது மடல் வரை சுட்டது. இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்தது. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் அதன் கால்கள் கசிவின் அருகேதான் வந்து நின்றன. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. யாரும் அதை வரச் சொல்லவில்லை. யாரும் அதற்கு மீன் தரவில்லை. ஆனாலும் வந்தது. வந்து கசிவைப் பார்த்தது.

மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை! ஏரி ஏறியது. எலிவால் போல இருந்த கசிவு நீர்நாய் வால் கனத்துக்கு வந்துவிட்டது. சுழியன் கரையேறி நேராகப் பாறைக்குப் போனது.

“என்னைத் திட்ட வந்தாயா?” என்றது செம்பி.

“இல்லை. ஒருமுறை வந்து பார். பார்த்துவிட்டு நீயே சொல்.”

செம்பி இறங்கி வந்தது. கசிந்த நீரைக் கையில் ஏந்தியது. படித்ததெல்லாம் அதற்கு மறந்துவிடவில்லை. அதன் மூக்கு வெளுத்தது. அடுத்த நொடியே பள்ளத்துக்குப் பாய்ந்தது.

“எல்லோரும் மேட்டுக்குப் போங்கள்! களிமண்ணில் இருப்பது என் பாதம்தான். கரையைப் பார்க்காமலே வைத்தேன்! சுழியன் சொன்னதுதான் உண்மை! ஓடுங்கள்!”

பதவியில் இருப்பவரே சொன்னதும் முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடின. நெட்டைக்காது மட்டும் தயங்கி நின்றது. “இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று சுழியனிடம் கேட்டது.

“கலிங்குக்கு வாருங்கள்! கல்லைப் புரட்ட வேண்டும்!”

வலுவுள்ள முயல்கள் எல்லாம் வந்தன. சுழியன் நீருக்குள் மூழ்கி அடிக்கல்லைச் சுற்றிப் பறித்தது. செம்பி இடுக்குகளில் புகுந்து மண்ணைத் தோண்டியது. முயல்கள் பின்னங்கால்களால் உதைத்தன. கற்கள் அசையத் தொடங்கிய நேரத்தில் நரி ஓடி வந்தது.

“நிறுத்துங்கள்! யார் உத்தரவில் திறக்கிறீர்கள்?”

செம்பி மண்ணோடு தலையைத் தூக்கியது. “ஏரிப் பொறியாளரின் உத்தரவு!”

நரி வாயைத் திறந்தபடி நின்றது. கல் புரண்டது. நீர் ஓவென்று கலிங்கு வழியே பாய்ந்து ஓடைக்குப் போனது. ஏரி மெல்ல மெல்ல இறங்கியது.

ஆனாலும் கரை தப்பவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கசிந்த இடம் உள்வாங்கிச் சரிந்தது. வெள்ளம் பள்ளத்துக்குள் புகுந்தது. ஏரி பாதிக்குமேல் இறங்கியிருந்ததால் அது வளைகளை மூழ்கடித்ததோடு நின்றது. மேட்டில் நின்ற முயல்கள் தங்கள் வீடுகள் முழுகுவதைப் பார்த்தன. ஒருவரை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டன. ஓர் உயிரும் போகவில்லை.

மறுநாள் சிறுத்தை மன்னர் வந்தார். உடைந்த கரையின் உள்ளே களிமண்ணுக்குப் பதிலாக மணலும் மக்கிய இலையும் திணித்திருப்பதைக் கண்டார். “நரி எங்கே?” என்று உறுமினார். நரி அதற்குள் காட்டைத் தாண்டியிருந்தது.

“பாதம் பதித்தது யார்?”

“நான்தான், மன்னா” என்றது செம்பி.

செம்பியின் பதவி அங்கேயே போனது. ஏரி காலியான கோபத்தில் இருந்த மன்னர் சுழியனுக்கும் எதுவும் தரவில்லை. ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

இரண்டு பேரும் உடைந்த கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது நெட்டைக்காது தயங்கித் தயங்கி வந்தது.

“கரையை மறுபடி கட்ட வேண்டும். எங்களிடம் பதவி இல்லை. நிழலுள்ள பாறையும் இல்லை. அன்று நான் பேசியதை மனதில்...”

அது சொல்லி முடிக்கவில்லை. சுழியன் ஏற்கெனவே சரிவை அளக்கத் தொடங்கியிருந்தது. “செம்பி, நல்ல களிமண் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று பார்!” என்றது. செம்பி ஓடியது.

நாளெல்லாம் வேலை நடந்தது. ஓர் அடுக்குக் களிமண், அதன்மேல் முயல்கள் கூட்டமாகக் குதித்து மிதிப்பது, மறுபடி ஓர் அடுக்கு. கூலியாக முயல்கள் அன்போடு கிழங்கு கொண்டுவந்து குவித்தன. நீர்நாய் கிழங்கு தின்னுமா, கீரிதான் தின்னுமா! இரண்டும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, பிறகு தத்தம் இரையைத் தேடிப் போயின. ஆனால் அந்த நாட்களில்தான் சுழியன் பாதி மீனில் எழுந்திருக்காமல் முழு மீனையும் சாப்பிட்டது.

கரை எழுந்தது. அடுத்த பெருமழை வந்தது, ஏரி நிரம்பியது, கலிங்கு வழிந்தது, கரை அசையவில்லை. மலையடிவார ஏரியிலிருந்து வந்த மான்கள் அதைப் பார்த்தன. “இதைக் கட்டியது யார்?” என்று விசாரித்தன. “எங்கள் ஏரிக்கும் வாருங்கள். நிரந்தர வேலை, இரண்டு பேருக்கும்!” என்று அழைத்தன.

கிளம்பும் நாளில் தாய் நீர்நாய் புதுக் கரைக்கு வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தது. வெளிப்புறச் சரிவில் இறங்கி அடிவாரத்து மண்ணைத் தொட்டுப் பார்த்தது. உலர்ந்திருந்தது.

“போய் வா” என்றது மகனிடம்.

வேலை இல்லாத தவிப்பு பெரிதுதான். ஆனால் அந்தத் தவிப்புக்காகத் தான் கற்ற அறிவைப் பொய்க்குத் துணைபோக விடாதவருக்கே, கற்ற கல்வி கடைசிவரை கைகொடுக்கும்.