அகத்தி மரமும் தளவாய் தோளும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கதை ராஜாவைப் பற்றியது. அவர் செத்து எத்தனையோ காலமாச்சு. ஆனாலும் ராஜா இல்லையா, எங்கேயிருந்து கேட்பாரோ!

ஆலங்கோட்டை செண்பகராஜாவுக்கு எப்போதும் வாயில் வெற்றிலை இருக்க வேண்டும். தீர்ப்பைக்கூட ஒரு கன்னத்தில் அதை அடக்கிக்கொண்டுதான் சொல்லுவார். பாதித் தீர்ப்பு யாருக்கும் புரியாது. அதனாலேயே ஊரில் வழக்கு குறைவு.

அந்த வெற்றிலை, வீராயியின் சின்னக் கொடிக்காலில் விளைந்தது. வரிசையாக அகத்தி மரம், ஒவ்வொரு மரத்திலும் ஏறிய வெற்றிலைக் கொடி. அகத்திக் கீரை அவள் ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை கொடிக்கு. அவள் வீட்டு அடுப்பு எரிந்தது அதை நம்பித்தான்.

தளவாய் நரசப்பருக்கு அப்போது சண்டை எதுவும் இல்லை. கை சும்மா இருக்குமா? கொடிக்காலை எட்டிப் பார்த்துவிட்டுச் சபைக்கு வந்தார்.

"மகாராஜா, பாதி இடத்தை மரம் அடைச்சுக்கிட்டு நிக்குது. வெட்டிட்டு அங்கேயும் வெற்றிலை நட்டா, இலை ரெண்டு மடங்கு!"

ராஜாவுக்கு எச்சில் ஊறியது. "வெட்டு!"

வீராயி அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "சாமி, மரம் போனா கொடி எதைப் பிடிச்சு ஏறும்? தளவாய் மீசையையா? நிழல் இல்லாட்டி கருகிப்போகுமே! என் பொழப்பே போச்சே!"

"வாயைப் பாரு இவளுக்கு! நாளைக்கு நானே கோடாலியோட வர்றேன்," என்றார் தளவாய்.

சபையில் சடையாண்டி என்று ஒருத்தன். ராஜாவையே கேலி பேசச் சம்பளம் வாங்குகிறவன். "தளவாய் யோசனை பிரமாதம்! மகாராஜாவும் பல்லக்கில வந்து பார்க்கணும்," என்றான். வீராயி அவனை முறைத்த முறைப்பில் அவனே கருகியிருக்க வேண்டும்.

மறுநாள் உச்சி வெயில். கொடிக்காலுக்குப் போகும் வழியில் வெறும் பொட்டல். பல்லக்கில் ராஜா, பக்கத்தில் கோடாலியோடு தளவாய். சடையாண்டி கையைத் தட்டினான். தூக்கிகள் பல்லக்கை இறக்கிவைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். குடைக்காரனும் பின்னாலேயே போனான்.

"டேய்! என் ஆளுங்க எங்கடா போறானுங்க?"

"நான்தான் அனுப்பினேன், மகாராஜா. ஊர்வலம் போறது நீங்க. இவனுங்க சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. இனிமே ரெண்டு மடங்கு வேகமாப் போகலாம்!"

"தூக்க ஆள் இல்லாம எப்படிடா போறது? மண்டை பொளக்குதுடா!"

"வீராயியோட வெற்றிலையும் அதைத்தான் கேக்குது, மகாராஜா."

ராஜா கோடாலியோடு நின்ற தளவாயைப் பார்த்தார். மரம் போய்க் காய்ந்துகிடக்கப்போகும் கொடிக்கால் அவர் கண்ணில் வந்துபோயிருக்கும். திடீரென்று சிரித்தார். சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறெல்லாம் தளவாயின் வெள்ளை அங்கியில்!

"கோடாலியைக் கீழே போடுய்யா. இனிமே கொடிக்காலுக்குள்ளே வீராயி சொல்றதுதான் சட்டம்!"

சடையாண்டி விசிலடித்துத் தூக்கிகளைத் திரும்ப அழைத்தான். ஒருத்தனை மட்டும் வீராயியின் அகத்தி நிழலுக்குப் போய் உட்காரச் சொன்னான். பிறகு தளவாயின் தலைப்பாகையை மெல்ல அவிழ்த்தான். அதைச் சும்மாடாகச் சுருட்டி, அவர் தோளில் வைத்து, பல்லக்குக் கொம்பைப் பதமாக அதன்மேல் இறக்கினான்.